சொட்டுநீரில் பூச்சி மருந்து: ஊற்றுவதற்கு முன் கிணற்றை நினையுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன இரண்டு மூன்று செய்திகளையும் இதில் சேர்த்திருக்கிறேன்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேளாண் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்து, முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது வரவு, செலவு, பாக்கி. ஆனாலும் இன்று இந்தப் பொருளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

நம் சங்கத்தின் பின்புறக் காலியிடத்தில் தக்காளி, வெண்டை, கத்தரி, கீரை போட்டிருக்கிறோம். போன வருஷம் சொட்டுநீர்க் குழாயும் போட்டோம். இப்போது வெண்டையில் வெள்ளை ஈ. இலை மஞ்சளாகி, நரம்புத் தேமல் வந்துவிட்டது. இன்றைய கூட்டப் பொருளில் ஒரு தீர்மானம் இருக்கிறது: "சொட்டுநீர்க் குழாய் வழியாகவே பூச்சி மருந்து கொடுக்க ஏற்பாடு செய்வது." தெளிக்க ஆள் தேட வேண்டாம், வாசனை வராது, குழந்தைகள் மேல் படாது என்று காரணங்களும் சொல்லியிருக்கிறார்கள். காரணங்கள் தவறில்லை. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். சொன்னதால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதே, 2019, அந்த வருஷம் நடந்தது. என் தம்பி அணைக்கட்டு பக்கம் எங்கள் பூர்வீக நிலத்தில் பயிர் வைக்கிறான். அரை ஏக்கரில் முள் கத்தரி, ஏறக்குறைய 2,000 செடி. முள் கத்தரி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலவம்பாடி கத்தரிக்காய் இல்லாமல் நம் ஊர்க் கல்யாணத்தில் பிரியாணி பந்தி நடக்காது. வேலூர் முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அந்தக் கத்தரியில் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் ஏறிவிட்டன. மருந்து அடிக்க ஆள் இல்லை. ஊரில் இருக்கிற இளம்பிள்ளைகள், பெண்கள் எல்லாரும் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். தம்பிக்கு முதுகு வலி, கைத்தெளிப்பான் தூக்க முடியாது. போனில் புலம்பினான். நான் அப்போதுதான் ஒரு பத்திரிகையில் சொட்டுநீர் வழியாக மருந்து கொடுப்பது பற்றிப் படித்திருந்தேன். "ஏன்டா அலையறே? உரத் தொட்டியில ஊத்தி விடு, தண்ணியோட தானா போயிடும்" என்று ஓய்வூதியக்காரனின் நிம்மதியோடு சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவனிடமிருந்து போன். "அண்ணா, தொட்டி காலியாயிடுச்சு. ஆனா மருந்து வயலுக்குப் போன மாதிரி தெரியல. கரண்ட் போயிடுச்சு."

என்ன நடந்தது என்றால், மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிஷம் ஆனதும் மும்முனை மின்சாரம் நின்றுவிட்டது. கிணற்றுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டார் நின்றதும், மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் குழாய் வழியாகக் கீழே இறங்கியது. இறங்குகிற தண்ணீர் பின்னாலிருந்து உறிஞ்சும். உறிஞ்சியதில் தொட்டியிலிருந்த மருந்தும் சேர்ந்து கிணற்றுக்குள் போய்விட்டது. மோட்டாருக்குள் இருக்கிற வால்வு தேய்ந்து போயிருந்தது. வெளியே தனியாக ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உரம் மட்டும் கொடுத்த காலத்திலும் இதே மாதிரி பின்னால் போயிருக்கும். யூரியா என்பதால் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்தக் கிணறுதான் வீட்டுக்குக் குடிநீர். தம்பி மனைவி போனை வாங்கி, "மாமா, நான் அஞ்சு மணிக்கே தண்ணி சேந்தி வெச்சிட்டேன். காபி போட்டது அந்தத் தண்ணிதான். அது பரவாயில்லையா?" என்று கேட்டாள். ஐந்து மணிக்குச் சேந்தியது, மருந்து போனது ஆறு மணிக்கு மேல். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பேத்திக்குப் பால் கலக்குவதும் அந்தத் தண்ணீரில்தான்.

அந்தக் கிணற்றின் மதிப்பு இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் உப்பாகிப் போனதை நாம் எல்லாரும் பார்த்தவர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வாங்கியது. அசுத்தம் செய்தவரே இழப்பையும் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊர் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடத்துகிறார்கள். அதற்குப் பிறகும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. கிணறு கெடுவதற்கு ஒரு நாள் போதும். சரி செய்ய ஒரு தலைமுறை ஆகிறது.

எங்கள் கிணறு தோல் கழிவுக்குத் தப்பிய கிணறு. இனிப்புத் தண்ணீர். அதை வேறு யாரும் கெடுக்கவில்லை. நான் சொன்ன யோசனையில் நாங்களே கெடுத்துக்கொண்டோம். அசுத்தம் செய்தவரே கட்ட வேண்டும் என்றபடி நானே கட்டினேன். பழக்க தோஷத்தில் கணக்கும் எழுதி வைத்தேன். கிணற்றை மூன்று முறை இறைத்துத் தரிசு நிலத்தில் விட்ட டீசல் இன்ஜின் வாடகையும் டீசலும் 7,400 ரூபாய். லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் 6,150. தண்ணீர்ப் பரிசோதனை 4,800. பறிக்காமல் விட்ட காய் 9,000. வீணான மருந்து 640. ஆக மொத்தம் 27,990 ரூபாய். பிறகு வாங்கிப் பொருத்திய வால்வின் விலை 1,150. மூன்றாவது இறைப்புக்குப் பிறகு எடுத்த தண்ணீரில் மருந்து அளவிடும் நிலைக்குக் கீழே இருப்பதாக அறிக்கை வந்தது. அதுவரை ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கிணற்றில் வாளி விடவில்லை. இறைத்த தண்ணீர் பாய்ந்த தரிசில் அந்த வருஷம் முழுவதும் ஆடு மேயவும் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். படித்ததை வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், என் போல ஊரில் நிலம் உள்ளவர்களுக்கும் பயன்படும்படி சொல்கிறேன்.

முதலில் இந்த முறை ஏமாற்று வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா, புளோரிடா பகுதிகளில் காய்கறிப் பண்ணைகளில் பல வருஷமாகச் செய்கிறார்கள். நம் பக்கத்தில் சொட்டுநீர் வழியாக உரம் கொடுப்பதை ஊர் ஊராகப் பரப்பியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 2004-05-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கி, மூன்று வருஷத்தில் 400 ஹெக்டேரில் செய்து காட்டினார்கள். இன்று சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகளுக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். அதனால் குழாய் எல்லா ஊரிலும் வந்துவிட்டது. உரம் போகிற குழாயில் மருந்தும் போகட்டுமே என்று தோன்றுவது இயற்கை.

ஆனால் எல்லா மருந்தும் அப்படிப் போகாது. இதைத்தான் பலர் தவறாக நினைக்கிறார்கள்.

வேரில் விடுகிற மருந்து இரண்டு வேலை செய்ய வேண்டும். மண்ணில் ஒட்டிக்கொள்ளாமல் வேர் வரை போக வேண்டும். பிறகு வேர் உறிஞ்சும் தண்ணீரோடு தண்டு வழியாக ஏறி இலைக்குப் போக வேண்டும். ஊடுருவிப் பாயும் தன்மையுள்ள மருந்துகள்தான் இதைச் செய்யும். இமிடாகுளோபிரிட் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராமுக்குச் சற்று மேல் கரையும். தயாமீதாக்சாம் 4 கிராம் கரையும். குளோரான்ட்ரனிலிபுரோல் என்பது மிகக் குறைவாக, ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் கரையும். ஆனாலும் அதுவும் வேர் வழியாக ஏறி இலையில் சேர்கிறது. சைபர்மெத்ரின் போன்ற தொடுநஞ்சுகளை வேரில் ஊற்றினால் மண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். மேலே ஒரு துளி ஏறாது. அதைச் சொட்டுநீரில் விடுவது கணக்கு எண் எழுதாமல் பணம் கட்டுவது போல. பணம் போகும், யார் கணக்கிலும் ஏறாது.

எல்லாப் பூச்சிக்கும் இது மருந்தும் இல்லை. சாறு உறிஞ்சும் வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, அசுவினி ஆகியவற்றுக்கு இமிடாகுளோபிரிட் வகை வேலை செய்யும். கத்தரியின் தண்டு, காய்த்துளைப்பானுக்கு அது உதவாது. வேரில் ஏறும் மருந்து தண்ணீர் ஆவியாகும் இலைக்குத்தான் அதிகம் போகும், காய்க்குக் குறைவாகத்தான் போகும். காய்க்குள் போய் உட்கார்ந்த புழு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சிவப்புச் சிலந்திக்கும் இமிடாகுளோபிரிட் கேட்காது. நம் வெண்டையில் நரம்புத் தேமல் வந்த செடிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு எந்த மருந்தும் கிடையாது. அது வைரஸ். வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது, அவ்வளவுதான். பிடுங்கி எடுப்பதுதான் வழி.

அடுத்தது அளவு. தெளிப்பதில் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லி என்று கலப்போம். சொட்டுநீரில் அப்படி இல்லை. இத்தனை பரப்புக்கு, இத்தனை செடிக்கு மொத்தம் இவ்வளவு என்றுதான் கணக்கு. தம்பி வயலில் 2,000 செடி, செடிக்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர். ஒரு மணி நேரம் ஓடினால் 8,000 லிட்டர். அத்தனை தண்ணீருக்கும் லிட்டர் கணக்கில் தெளிப்பு மருந்து கலந்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

நேரமும் முக்கியம். ஒரு மணி நேரம் ஓட்டுவதாக இருந்தால் முதல் இருபது நிமிஷம் வெறும் தண்ணீர். குழாய் எல்லாம் நிரம்பி, கடைசி டிரிப்பரும் சீராகச் சொட்டிய பிறகு நடு இருபது நிமிஷத்தில் மருந்து. கடைசி இருபது நிமிஷம் மறுபடி வெறும் தண்ணீர், குழாயில் தங்கிய மருந்து வெளியேறுவதற்காக. முதலிலேயே மருந்தை விட்டால் பின்னால் வருகிற தண்ணீர் அதை வேருக்குக் கீழே தள்ளிவிடும். வேரைத் தாண்டிய மருந்து செடிக்கு உதவாது, நிலத்தடி நீருக்குத்தான் போகும். காலம் கடந்து விட்டால் குழாயிலேயே தங்கிவிடும். மழை வரும் போல இருக்கிற நாளில் செய்யவே கூடாது.

எல்லா டிரிப்பரும் ஒரே அளவு விடுகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. குழாயின் தொடக்கத்தில் இரண்டு, நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு டம்ளர் வையுங்கள். ஆறு நிமிஷம் ஓட்டுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் ஒவ்வொன்றிலும் 400 மில்லி இருக்க வேண்டும். ஒன்றில் 450, இன்னொன்றில் 150 என்று வந்தால் மருந்தும் அதே விகிதத்தில்தான் போகும். ஒரு செடிக்கு மூன்று பங்கு, இன்னொன்றுக்கு ஒரு பங்கு. நம் பக்கத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர். டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கச் சிலர் ஆசிட் விடுவார்கள், சிலர் பிளீச்சிங் பவுடர் கரைசல் விடுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து விடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். மருந்தோடும் இவற்றைச் சேர்க்கக் கூடாது.

இப்போது வரவுப் பக்கம் பார்ப்போம். மருந்து அடிப்பவர் உடம்பில் படுவது குறைகிறது. காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. இலை மேல் உட்கார்ந்து அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, சிலந்தி ஆகியவை நேரடித் தெளிப்புக்குத் தப்புகின்றன. ஆள் கூலி மிச்சம். நாற்று நட்ட புதிதில், வைரஸ் பரவும் முன், இளம் செடிக்குக் கொடுத்தால் பலன் நன்றாகவே இருக்கும்.

செலவுப் பக்கம். மருந்து செடிக்குள்ளேயே பல வாரம் இருக்கும். பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும். சுரை, பீர்க்கு, பூசணி இவையெல்லாம் தேனீ போன்ற பூச்சிகள் வந்தால்தான் காய்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம், குளோதியானிடின் மூன்றையும் திறந்த வெளியில் பயன்படுத்த 2018-ல் தடை செய்ததற்குத் தேனீதான் காரணம். ஒரே வகை மருந்து செடியில் நீண்ட நாள் இருந்தால் பூச்சிக்கும் பழகிப்போகும். பிறகு இரண்டு மடங்கு கேட்கும். மண்ணில் வாழும் உயிர்களுக்கும் அது நல்லதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, நான் சொன்ன கிணறு.

சட்டம் என்ன சொல்கிறது? 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒவ்வொரு மருந்துக்கும் எந்தப் பயிர், எந்தப் பூச்சி, எவ்வளவு அளவு, கடைசியாகக் கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பதிவு செய்து கொடுக்கிறார்கள். பாட்டிலோடு மடித்து வைத்த ஒரு தாள் வரும், அதில் தமிழிலும் இருக்கும். நாம் அதைத்தான் முதலில் தூக்கி எறிகிறோம். வேரில் ஊற்றலாம் அல்லது சொட்டுநீரில் விடலாம் என்று உங்கள் பயிருக்கு அந்தத் தாளில் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். தெளிப்பதற்கு என்று மட்டும் இருந்தால் தெளிப்பதற்கு மட்டும்தான். பாட்டிலில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டு போகும். பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் காய்கறியில் பயன்படுத்த 2005-லேயே தடை. இருந்தும் பழைய பழக்கத்தில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த முறைக்கு அனுமதி உள்ள மருந்துகளின் லேபிளில் 1987-லிருந்து சில பாதுகாப்பு விதிகள் கட்டாயம். தண்ணீர் பின்னால் போகாமல் தடுக்கும் வால்வு, குழாயில் வெற்றிடம் ஏற்பட்டால் காற்றை உள்ளே விடும் வால்வு, கசிந்த தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் வெளியேற ஒரு வடிகால், மோட்டார் நின்றால் மருந்து செலுத்தும் பம்பும் தானாக நிற்கும் ஏற்பாடு. என் தம்பி வயலில் இதில் ஒன்று கூட இல்லை. ஒன்று இருந்திருந்தால் போதும், 27,990 ரூபாய் மிச்சம்.

அந்த விதியில் இன்னொரு வரி இருக்கிறது. அதற்காகத்தான் இன்று எழுந்து நின்றேன். தினமும் குறைந்தது 25 பேருக்குக் குடிநீர் கொடுக்கும் அமைப்பிலிருந்து தண்ணீர் எடுப்பதானால், அந்தக் குழாயை மருந்துக் குழாயோடு நேரடியாக இணைக்கக் கூடாது. பின்னோட்டத்தைத் தடுக்கும் தனிச் சிறப்பு வால்வு வேண்டும். இல்லையென்றால் தண்ணீரை முதலில் தனித் தொட்டியில் விழ விட வேண்டும். குழாய் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவில், குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். ஒரு அங்குலக் குழாய் என்றால் இரண்டு அங்குல இடைவெளி. வால்வு தேயலாம், ஒட்டிக்கொள்ளலாம். இடைவெளி தேயாது. காற்றைத் தாண்டித் தண்ணீர் பின்னால் ஏறாது.

நம் தோட்டத்தை நேற்று மாலை போய்ப் பார்த்தேன். சொட்டுநீர்க் குழாய் நம் போர்வெல் குழாயிலிருந்து நேராகக் கிளை எடுத்து வருகிறது. அதே குழாய்தான் மேல்நிலைத் தொட்டிக்கும் போகிறது. நடுவில் இருப்பது ஒரு கேட் வால்வு மட்டும். அதுவும் கையால் திறந்து மூடுவது. காவலாளி மூட மறந்தால் திறந்தே இருக்கும். மோட்டார் ஓடும்போது கரண்ட் போவது நம் ஊரில் அதிசயமா? அந்தத் தொட்டியிலிருந்து 48 வீட்டுக்குத் தண்ணீர் போகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் நமக்கு ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். குளிப்பது, பல் துலக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நேராக வரும் தண்ணீரில்தான்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

ஒன்று, இன்றைய தீர்மானத்தைக் கைவிட வேண்டும். நம் தோட்டத்தில் கீரை பக்கத்திலேயே இருக்கிறது. கத்தரியை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். யார் எப்போது பறிப்பார் என்று நமக்கே தெரியாது. காத்திருக்கும் நாளை நாற்பத்தெட்டு வீடும் கடைப்பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. பத்து சென்ட் தோட்டத்துக்கு இந்த முறை தேவையும் இல்லை.

இரண்டு, மருந்து விடுகிறோமோ இல்லையோ, போர்வெல் குழாயிலிருந்து வரும் கிளையை உடனே துண்டிக்க வேண்டும். உரக் கரைசல் கூட அந்தக் குழாயில் போகக் கூடாது. மேடை கட்டி அதன் மேல் ஒரு டிரம் வைத்து, குழாய் வாய் மேலே இருக்கும்படி தண்ணீர் விழ விட்டு, டிரம்மிலிருந்து சொட்டுநீர் விடலாம். டிரம்மும் மேடையும் பிளம்பர் கூலியும் சேர்த்து என்ன ஆகும் என்று விலை கேட்டு பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். பராமரிப்பு நிதியில் அடங்கும்.

மூன்று, வெள்ளை ஈக்கு முதலில் எளிய வழிகளைச் செய்வோம். தேமல் வந்த வெண்டைச் செடியைப் பிடுங்கி எரிப்போம். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவோம். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து ஊற வைத்து வடிகட்டி 100 லிட்டராக்கித் தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். நமக்குப் பத்து லிட்டர் போதும், அரை கிலோ பருப்பு. கத்தரியில் வாடித் தொங்கும் நுனிக்குருத்தை வாரம் ஒருமுறை கிள்ளி எடுத்து அழித்தால் துளைப்பான் குறையும். இதைப் பிள்ளைகளே செய்யலாம். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். இல்லையென்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, தமிழிலேயே பதில் சொல்வார்கள், கட்டணம் இல்லை.

நான்கு, ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே போன் செய்து ஒரு கேள்வி கேளுங்கள்: "உரத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா, வேலை செய்கிறதா?" உரத் தொட்டியை மூடிவிட்டு, வெறும் தண்ணீரில் மோட்டாரை ஓட்டி நிறுத்திப் பார்த்தாலே தெரியும். குழாயில் தண்ணீர் பின்னால் ஓடும் சத்தம் கேட்டால் வால்வு போய்விட்டது என்று அர்த்தம்.

என் தம்பி இப்போதும் சொட்டுநீர் வழியாக மருந்து கொடுக்கிறான், நாற்று நட்ட புதிதில் ஒரே ஒரு முறை. கிணற்றிலிருந்து தண்ணீர் தனித் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து சின்ன மோட்டார் வைத்து வயலுக்குப் போகிறது. மருந்து விடுகிற நாளில் கிணற்று மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். என்னிடம் யோசனை கேட்பதில்லை. கேட்டாலும், "முதல்ல தாளைப் படிச்சியா?" என்றுதான் நான் கேட்கிறேன்.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு நம்பிக்கையான காசாளராக இருந்தாலும் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். அவர் மேல் சந்தேகம் என்று பொருள் இல்லை. ஒருவர் தவறினாலும் பணம் தவறக் கூடாது என்பதற்காக. நம் குடிநீருக்கு இப்போது ஒரு கேட் வால்வு, ஒரே சாவிதான் இருக்கிறது. இன்னொன்று போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பிளம்பர் வருகிறார். டிரம் வைக்கும் இடத்தைப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் ஏழு மணிக்குத் தோட்டத்துக்கு வாருங்கள்.